தீக்குச்சிகளை ஆட வைத்தவர்

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அருவியில் குளிப்பார்கள், கடைத்தெருவில் பழம் வாங்குவார்கள், தென்காசிக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். குற்றாலநாதர் கோவிலிலிருந்து கொஞ்சம் தள்ளிச் சித்திர சபை என்று ஒன்று இருக்கிறது. அதை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. நடராஜர் ஆடும் ஐந்து சபைகளில் அதுவும் ஒன்று. சிதம்பரத்தில் பொற்சபை, மதுரையில் வெள்ளி சபை, திருநெல்வேலியில் தாமிர சபை, திருவாலங்காட்டில் ரத்தின சபை, குற்றாலத்தில் சித்திர சபை. இங்கே நடராஜர் சுவரில் ஓவியமாக இருக்கிறார். சுற்றிலும் சுவரெல்லாம் ஓவியங்கள்தான்.

அந்த ஓவியத்தின் முன்னால் நிற்கும் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகம் வரும். சாமி தூக்கிய காலை எப்போது கீழே வைப்பார்? பல வருடம் பிள்ளைகளோடு பழகியவன் என்பதால் சொல்கிறேன், இது நல்ல கேள்வி. படம் ஆடுமா? அசையாத ஒன்றை அசைய வைக்க முடியுமா? இப்போது தொலைக்காட்சியைத் திறந்தால் பூனை எலியைத் துரத்துகிறது, கார் பேசுகிறது. உங்களுக்கு அது அதிசயமே இல்லை. நூறு வருடங்களுக்கு முன்னால் நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு விடை தேடி, தன் கண்ணையே இழக்கப் பார்த்தவர் ஒருவர் உண்டு. விடை கிடைத்ததும் அதைப் பூட்டி வைக்காமல் எல்லாருக்கும் காட்டினார்.

அவர் பெயர் துண்டிராஜ் கோவிந்த் பால்கே. தாதா சாகேப் பால்கே என்றால் உங்களுக்குத் தெரியும். சிவாஜி கணேசன், கே.பாலசந்தர், ரஜினிகாந்த் ஆகியோர் வாங்கிய விருதின் பெயர் அது. விருதின் பெயராகக் கேட்டுக் கேட்டு, அது ஒரு மனிதரின் பெயர் என்பதே பலருக்கு மறந்து போய்விட்டது.

மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கம் திரிம்பக் என்று ஒரு சிற்றூர். நம் குற்றாலத்தைப் போலவே மலையடிவாரத்தில் சிவன் கோவில். அங்குள்ள மலையில்தான் கோதாவரி பிறக்கிறது. அந்த ஊரில் 1870ம் ஆண்டு ஏப்ரல் 30ம் தேதி பால்கே பிறந்தார். அப்பா சமஸ்கிருதப் பண்டிதர். மகனுக்கோ படிப்பைவிடப் படத்தில்தான் நாட்டம். 1885ல் பம்பாயில் ஜே.ஜே. கலைப்பள்ளியில் சேர்ந்து ஓவியம் பயின்றார். பிறகு பரோடாவில் கலாபவனத்தில் பொம்மை வார்ப்பது, கட்டிட வரைபடம், புகைப்படம் என்று கையில் அகப்பட்ட கலையை எல்லாம் கற்றுக்கொண்டார்.

கோத்ராவில் புகைப்பட நிலையம் வைத்தார். அந்த நேரம் பார்த்து பிளேக் நோய் வந்தது. மனைவியும் குழந்தையும் இறந்து போனார்கள். பரோடாவுக்கு வந்து மறுபடி கேமராவைத் தூக்கினார். அங்கே வேறு தொல்லை. படம் எடுத்தால் கேமரா உடம்பின் சக்தியை உறிஞ்சிவிடும், ஆயுசு குறையும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஆட்கள் வருவது நின்றது. நம் பக்கத்துக் கிராமங்களிலும் இந்தப் பயம் நெடுங்காலம் இருந்தது. உங்கள் ஆச்சியிடம் கேட்டுப் பாருங்கள்.

பிழைப்புக்கு வேறு வழி தேடியவர், கொஞ்ச காலம் மாயாஜாலம் கூடச் செய்தார். மேடையில் அவருக்கு வேறு பெயர். பேராசிரியர் கேல்பா! பால்கே என்பதை மராத்தி எழுத்தில் எழுதித் திருப்பிப் படித்தால் வருவது. மாயாஜாலக்காரர்களுக்கு ஒரு விதி உண்டு. வித்தையைக் காட்டலாம், வித்தையின் ரகசியத்தைக் காட்டக் கூடாது. இந்த விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1902ல் மறுமணம் ஆயிற்று. மனைவியின் பெயர் கிரிஜா. கல்யாணத்துக்குப் பிறகு சரஸ்வதி. இந்த அம்மாளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். தொல்பொருள் துறையில் பால்கேவுக்கு அரசாங்க வேலை கிடைத்தது. நாடெங்கும் சுதேசி அலை வீசிய நேரம் அது. தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய 1906ம் ஆண்டை ஒட்டித்தான் பால்கேயும் வெள்ளைக்கார அரசாங்க வேலையை விட்டார். ஓவியர் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்துக்கு வேலை செய்தார். பழைய வீடுகளின் பூஜை அறையில் தாமரை மேல் நிற்கும் லட்சுமி படம் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரிப் படங்களை வீடு வீடாகக் கொண்டு சேர்த்த அச்சகம் அது. ரவிவர்மா நமக்கு அடுத்த ஊர்க்காரர் மாதிரிதான். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு கணவாயைத் தாண்டினால் வரும் கேரளத்தில் கிளிமானூரில் பிறந்தவர்.

பால்கே பிறகு சொந்தமாக அச்சகம் தொடங்கினார். நன்றாக நடந்தது. கூட்டாளிகளோடு மனஸ்தாபம் வந்து, எல்லாவற்றையும் விட்டு வெளியே வந்தார். வயது 40. கையில் காசில்லை, தொழில் இல்லை.

அப்போதுதான், 1911 வாக்கில், மகன் பாலச்சந்திராவோடு பம்பாயில் ஒரு கொட்டகைக்குள் நுழைந்தார். திரையில் மிருகங்கள் நடந்தன. வீட்டுக்கு வந்து சொன்னால் யாரும் நம்பவில்லை. மறுநாள் குடும்பத்தையே அழைத்துப் போனார். ஈஸ்டர் சமயம் என்பதால் அன்று இயேசுநாதரின் வாழ்க்கைப் படம் ஓடியது. படம் முடிந்ததும் மனைவியைப் படம் காட்டும் அறைக்கே கூட்டிப் போய் இயந்திரத்தைக் காட்டினார் என்று சொல்வார்கள்.

இயேசுநாதர் படம் என்றதும் நம் தமிழ்நாட்டுச் செய்தி ஒன்றும் சொல்ல வேண்டும். பால்கே படம் பார்ப்பதற்குச் சில வருடம் முன்பே, 1905ல், திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவி வாங்கி, இயேசுநாதர் படத்தோடு ஊர் ஊராகப் போய்க் காட்டினார். ஆக, படம் காட்டியவர்கள் நம்மிடம் முன்பே இருந்தார்கள். அந்தப் படங்கள் எல்லாம் வெளிநாட்டுக்காரர் எடுத்தவை. இயேசுநாதரைத் திரையில் பார்க்கும்போதே பால்கேயின் மனதில் கிருஷ்ணரும் ராமரும் ஓட ஆரம்பித்துவிட்டார்கள். நம் கதையை நாமே ஏன் எடுக்கக் கூடாது?

அதற்குப் பின் அவருக்குத் தூக்கம் போயிற்று. வீட்டுச் சாமான்களை விற்றுப் பிலிம் துண்டுகளும் சின்னக் கருவியும் வாங்கினார். மெழுகுவத்தியும் கண்ணாடி வில்லையும் வைத்துச் சுவரில் படம் விழச் செய்தார். நாள் தவறாமல் கொட்டகைக்குப் போனார். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் தூங்கினால் அதிகம். கடைசியில் கண் பார்வை மங்கி, ஒரு கட்டத்தில் ஒன்றுமே தெரியாமல் போய்விட்டது. ஓவியர், புகைப்படக்காரர், இனிப் படம் எடுக்கப் போகிறவர். அவருக்குக் கண் இல்லை! டாக்டர் ஒருவர் சிகிச்சை செய்து, ஒன்றுக்கு மேற்பட்ட கண்ணாடிகள் கொடுத்துப் பார்வையை மீட்டார். பார்வை வந்ததும் பால்கே போன இடம் எது என்கிறீர்கள்? மறுபடி கொட்டகைதான்.

பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆயுள் காப்பீட்டை அடகு வைத்துப் பத்தாயிரம் கடன் வாங்கினார். 1912 பிப்ரவரியில் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே ஒரு சினிமாப் பத்திரிகை ஆசிரியரும், ஹெப்வொர்த் என்ற படத் தயாரிப்பாளரும் அவருக்கு உதவினார்கள். ஹெப்வொர்த் தன் ஸ்டூடியோவையே திறந்து காட்டினார். கேமரா வாங்கிக்கொண்டு, படம் எடுக்கும் முறையையும் கற்றுக்கொண்டு பால்கே ஏப்ரலில் பம்பாய் திரும்பினார்.

கருவி வந்துவிட்டது. படம் எடுக்கப் பணம்? சினிமா எடுக்கப் போகிறேன் என்றால் யார் கடன் கொடுப்பார்கள்? இந்தியாவில் சினிமா எடுக்க முடியும் என்பதையே ஒருவரும் நம்பவில்லை. வாயால் எவ்வளவு சொல்லியும் பயனில்லை என்று தெரிந்ததும் பால்கே ஒரு காரியம் செய்தார். ஒரு தொட்டியில் பட்டாணி விதையைப் போட்டார். அதன் முன்னால் கேமராவை அசையாமல் நிறுத்தினார். விதை முளைக்க முளைக்க, செடி வளர வளர, விட்டு விட்டு ஒவ்வொரு படமாக எடுத்துக்கொண்டே இருந்தார். ஒரு மாதத்துக்கு மேல் இது நடந்தது.

இதில் என்ன சூட்சுமம்? நோட்டின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வரைந்து, விரலால் சரசரவென்று புரட்டிப் பாருங்கள். பொம்மை குதிக்கும். (கணக்கு நோட்டில் செய்து வாத்தியாரிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.) ஒவ்வொரு பக்கத்திலும் பொம்மை நின்றுகொண்டுதான் இருக்கிறது. படங்கள் வேகமாக அடுத்தடுத்து வரும்போது நம் கண்ணும் மூளையும் அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாமல் ஒரே அசைவாகச் சேர்த்துக்கொள்கின்றன. சினிமா முழுக்க இதுதான். கார்ட்டூனும் இதுதான்.

அந்தக் கால ஊமைப் படங்களில் ஒரு வினாடிக்குச் சுமார் 16 படங்கள் ஓடும். ஒரு நிமிடம் ஓட வேண்டும் என்றால் 16ஐ 60ஆல் பெருக்குங்கள். 960 படங்கள் வேண்டும். முப்பது நாளில் அவ்வளவும் எடுக்க நாளைக்கு 32 படங்கள்! அதற்குள் தொட்டி நகரக் கூடாது, கேமரா நகரக் கூடாது, வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டாக இடித்துவிடக் கூடாது. எத்தனை பொறுமை வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

வீட்டில் பெரியவர்களின் செல்போனை வாங்கி நீங்களே செய்து பார்க்கலாம். நம் ஊர் வெயிலுக்குப் பட்டாணி அவ்வளவாக வராது, தட்டாம்பயறு போடுங்கள். போனை ஒரே இடத்தில் வைத்து எடுக்க வேண்டும். அதுதான் கஷ்டம். ஆடிச் சாரல் சமயம் என்றால் வெளிச்சம் நிமிடத்துக்கு ஒரு தரம் மாறும். ஆகவே ஜன்னலோரம் வேண்டாம், விளக்கு வெளிச்சத்தில் எடுங்கள்.

பால்கே அந்தச் சின்னப் படத்தைத் தெரிந்த சிலரைக் கூப்பிட்டுக் காட்டினார். விதை வெடித்து, முளை நிமிர்ந்து, இலை விரிந்து, கண் முன்னால் செடி வளர்ந்தது. பார்த்தவர்களில் கடன் கொடுக்க முன்வந்தவர்களும் இருந்தார்கள். நம் நாட்டுச் சினிமாவுக்குக் கிடைத்த முதல் ஜாமீன் ஒரு பட்டாணிச் செடி!

கடன் போதவில்லை. சரஸ்வதி அம்மாளின் நகைகளும் அடகுக்குப் போயின. நகை மட்டுமா? வெளிநாட்டிலிருந்து வந்த பிலிமின் ஓரத்தில் துளை இருக்காது. இருட்டறையில் உட்கார்ந்து, கருவியால் துளை போட வேண்டும். பகலெல்லாம் படம் எடுத்தால் ராத்திரி பிலிமை மருந்தில் கழுவ வேண்டும். அத்தனையும் அந்த அம்மாள் செய்தார். வெயிலைத் திருப்ப வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றார். அறுபது எழுபது பேருக்குச் சமைத்தும் போட்டார். விருதுக்குப் பால்கே பெயர் வைத்தது சரிதான்; என்னைக் கேட்டால் சரஸ்வதி பெயரையும் பக்கத்தில் எழுதியிருக்கலாம்.

முதல் படம் 'ராஜா ஹரிச்சந்திரா'. மகன் பாலச்சந்திராவே ஹரிச்சந்திரன் மகனாக நடித்தான். பெண் வேடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. சினிமாவில் நடிக்க எந்தப் பெண்ணும் சம்மதிக்காத காலம். ஆண்களோ மீசையை எடுக்க மாட்டோம் என்றார்கள். கடைசியில் ஓர் உணவு விடுதியில் சமையல் வேலை பார்த்த சாளுங்கே என்ற இளைஞரைக் கண்டுபிடித்து, விடுதியில் அவர் வாங்கிய 10 ரூபாய்ச் சம்பளத்துக்குப் பதில் 15 ரூபாய் தருவதாகச் சொல்லிச் சந்திரமதி ஆக்கினார்.

வெளியூரில் படம் எடுக்கப் போனபோது, வாளும் ஈட்டியுமாக வந்திறங்கிய நடிகர்களைக் கொள்ளைக் கூட்டம் என்று கிராமத்தார் பயந்துவிட்டார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டது. பால்கே போய், கேமராவைத் திறந்து காட்டி, ஒரு காட்சியை நடிக்கச் சொல்லி எடுத்துக் காட்டிய பிறகுதான் விட்டார்களாம். விளக்கம் சொல்வதைவிடச் செய்து காட்டுவது அவர் வழக்கம்.

இன்னொன்று, எனக்கு ஏற்காத செய்தி. படப்பிடிப்பில் விளையாடிய பாலச்சந்திரா கீழே விழுந்து தலையில் அடிபட்டு மயங்கிவிட்டான். வைத்தியத்துக்கு உடனே பம்பாய் போகலாம் என்றார்கள் மற்றவர்கள். எடுக்க வேண்டியிருந்ததோ பையன் இறந்து கிடக்கும் காட்சி. பால்கே அந்த மயக்கத்திலேயே காட்சியை எடுத்து முடித்தார். பையன் பிழைத்துக்கொண்டான். படத்தின் மேல் இருந்த வெறி அப்பாவாக இருப்பதையும் மறக்கச் செய்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

1913 மே 3ம் தேதி பம்பாய் கொரோனேஷன் தியேட்டரில் படம் வெளிவந்தது. கூட்டம் அலைமோதியது. அதே வருடம் 'மோகினி பஸ்மாசுர்' படத்தில் துர்காபாய், கமலாபாய் என்ற தாயும் மகளும் நடித்து, இந்தியச் சினிமாவின் முதல் நடிகைகள் ஆனார்கள். 1917ல் 'லங்கா தகனம்'. அதில் ராமரும் சாளுங்கேதான், சீதையும் சாளுங்கேதான்! சென்னையில் அந்தப் படத்துக்கு விழுந்த சில்லறையை மூட்டை கட்டி மாட்டு வண்டியில் ஏற்றிப் போனார்கள் என்பார்கள். பால்கேயின் படங்களைப் பார்த்து உற்சாகம் அடைந்தவர்களில் ஒருவர் சென்னை நடராஜ முதலியார். தமிழ்நாட்டில் தயாரான முதல் கதைப் படம் 'கீசக வதம்' அவர் எடுத்ததுதான்.

படம் பார்த்தவர்களுக்குக் கேள்விகள் எழாமல் இருக்குமா? அனுமார் எப்படிப் பறந்தார்? சாமி எப்படித் திடீரென்று மறைந்தார்? நிஜமாகவே நெருப்பு வைத்தார்களா? வேறொருவராக இருந்தால் அது தொழில் ரகசியம் என்று வாயை மூடிக்கொண்டிருப்பார். பேராசிரியர் கேல்பாவாக மேடையில் நின்றவருக்கு அந்த விதி தெரியாதா? தெரிந்துதான் மீறினார்.

1915 வாக்கில் தீக்குச்சிகளை வைத்து ஒரு குட்டிப் படம் எடுத்தார். குச்சிகளை மேஜையில் வைத்து ஒரு படம். கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம். மறுபடி நகர்த்தி இன்னொன்று. ஓட்டினால் குச்சிகள் தாமாகவே அசைந்தன. நூலும் இல்லை, காந்தமும் இல்லை. காசுகளை வைத்தும் இப்படி ஒன்று எடுத்தார். இந்தியாவின் அனிமேஷன் படங்களுக்கு ஆரம்பம் தேடுகிறவர்கள் பட்டாணிச் செடியிடமும் இந்தத் தீக்குச்சிகளிடமும்தான் வந்து நிற்பார்கள்.

மறையும் சாமிக்கும் இதே வித்தைதான். கேமராவை நிறுத்து, சாமி வேடக்காரரை நகரச் சொல், மற்றவர்கள் அசையாமல் நிற்க, மறுபடி கேமராவைச் சுற்று. அவ்வளவுதான்.

1917ல் இன்னும் ஒரு படி மேலே போனார். திரைப்படம் எப்படித் தயாராகிறது என்பதையே ஒரு படமாக எடுத்து, அதில் தானே தோன்றினார். அதே சமயத்தில் 'நவயுகம்' என்ற மராத்திப் பத்திரிகையில் இந்தியத் திரைப்படம் பற்றித் தொடர்ந்து கட்டுரைகள் எழுதித் தன் அனுபவங்களைச் சொன்னார். 1919ல் 'காளிய மர்த்தனம்' வந்தது. கிருஷ்ணர் வேடம் அவர் மகள் மந்தாகினிக்கு. ஏழு வயதுச் சிறுமி. படத்தின் ஆரம்பத்தில் கிருஷ்ணர் வரமாட்டார். மந்தாகினி மந்தாகினியாகவே வந்து, சிரித்து, கோபித்து, பயந்து முகபாவம் எல்லாம் காட்டுவாள். அதன் பிறகே அவள் கிருஷ்ணராக மாறுவாள். வித்தைக்கு முன்னாலேயே ரகசியத்தைக் காட்டிவிடுகிறார்! அப்படியும் பார்த்தவர்களுக்குப் படத்தின் மேல் ஆசை குறையவில்லை.

பணத்தைக் காப்பாற்றும் வித்தை மட்டும் அவருக்குக் கைவரவில்லை. 1918ல் பணக்காரக் கூட்டாளிகளோடு ஒரு கம்பெனி தொடங்கினார். பழையபடி மனஸ்தாபம். காசிக்குப் போய் உட்கார்ந்து நாடகம் எழுதினார். பிறகு திரும்பி வந்தார். 1931ல் பேசும் படம் வந்ததும் ஊமைப் படங்களின் காலம் முடிந்தது. அவர் எடுத்த ஒரே பேசும் படம் 1937ல் வந்த 'கங்காவதரணம்'. 95 பெரிய படங்களும் 27 சின்னப் படங்களும் எடுத்தார் என்று கணக்குச் சொல்கிறார்கள். உலகப் போர் நடந்த நாட்களில், மறுபடி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அரசாங்கத்திடம் அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. 1944 பிப்ரவரி 16ம் தேதி நாசிக்கில் காலமானார். அப்போது சினிமா உலகம் அவரை ஏறக்குறைய மறந்தே போயிருந்தது. அவர் பெயரில் விருது வந்தது 1969ல்.

அவர் படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. பழைய பிலிம் சீக்கிரம் தீப்பிடிக்கும், கெட்டும் போகும். மிஞ்சியவற்றைப் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தேடிச் சேர்த்தது. 'ராஜா ஹரிச்சந்திரா'வில் சில சுருள்கள் கிடைத்தன. 'காளிய மர்த்தனம்' பெரும்பகுதி கிடைத்தது. திரைப்படம் எப்படித் தயாராகிறது என்ற அந்தப் படத்திலும் ஒரு துண்டு கிடைத்திருக்கிறது. அதில் பால்கேயே இருக்கிறார். பிலிம் சுருளைக் கையில் பிடித்து, எடுத்த படங்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.